எரர் வராமலே தப்பாகும் சப்குவெரிகள்

ஓஆர்எம் (நம் நிரலை டேட்டாபேஸ் குவெரியாக மாற்றித் தரும் கருவி) எழுதிக் கொடுக்கும் சப்குவெரி (குவெரிக்குள் இருக்கும் குவெரி) தவறான டேபிளைச் சுட்டினால் டேட்டாபேஸ் எரர் காட்டிவிடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். பல நேரம் எரரே வராது. குவெரி ஓடி முடியும், விடை மட்டும் தப்பாக இருக்கும்.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் பெயர் தேடும் விதிதான் காரணம். சப்குவெரிக்குள் டேபிள் பெயர் சேர்க்காமல் ஒரு நெடுவரிசையை எழுதினால், அதை முதலில் உள்ளே தேடும். கிடைக்காவிட்டால் வெளிக் குவெரியில் தேடும். தடைப்பட்டியலில் உள்ளவர்களின் ஆர்டர்களை அழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சப்குவெரியில் 'கஸ்டமர் ஐடி' கேட்கிறீர்கள். தடைப்பட்டியல் டேபிளிலோ அந்த நெடுவரிசைக்குப் பெயர் வெறும் 'ஐடி'. உடனே டேட்டாபேஸ் வெளியே உள்ள ஆர்டர் டேபிளின் கஸ்டமர் ஐடியை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஆர்டரும் தன்னோடு தானே ஒத்துப்போகும். தடைப்பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தாலும் போதும், கஸ்டமர் ஐடி உள்ள அத்தனை ஆர்டரும் அழிந்துவிடும். ஓஆர்எம் தானாக எழுதும்போது டேபிள் பெயரைச் சேர்த்தே எழுதும். நாம் நடுவில் கையால் எழுதிய ரா எஸ்க்யூஎல் துண்டைச் செருகும் இடத்தில்தான் இந்த ஆபத்து.

பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவின் ஓஆர்எம்மில் அதிகம் நடக்கும் தவறு, வெளிக் குவெரியின் நெடுவரிசையைச் சுட்டும் அவுட்டர்ரெஃப் போட வேண்டிய இடத்தில், அதே குவெரியின் நெடுவரிசையைச் சுட்டும் எஃப் போடுவது. 'இந்தக் கஸ்டமருக்கு ஆர்டர் இருக்கிறதா' என்று எக்ஸிஸ்ட்ஸ் (பொருந்தும் வரி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது) வைத்துக் கேட்கிறோம். உள்ளே எஃப் எழுதினால் அது வெளியே உள்ள கஸ்டமரைப் பார்க்காது. ஆர்டரின் கஸ்டமர் ஐடியை அதே ஆர்டரின் ஐடியோடு ஒப்பிடும். புது டெஸ்ட் டேட்டாபேஸில் முதல் கஸ்டமரும் 1, முதல் ஆர்டரும் 1. தற்செயலாகப் பொருந்தி டெஸ்ட் பாஸாகிவிடும். ப்ரொடக்‌ஷனில் அப்படி ஒரு வரி பொருந்தினாலே எல்லாக் கஸ்டமருக்கும் 'இருக்கிறது' என்று விடை வரும். சப்குவெரிக்குள் இன்னொரு சப்குவெரி இருந்தால் அவுட்டர்ரெஃப் ஒரு படிதான் வெளியே போகும். இரண்டு படிக்கு அதையே இரட்டையாக, ஒன்றுக்குள் ஒன்றாக எழுத வேண்டும்.

உள்ளும் வெளியும் ஒரே டேபிளாக இருப்பது இன்னும் சிக்கல். ஜாங்கோ உள்ளே இருக்கும் டேபிளுக்கு யு0 என்று ஏலியஸ் (மாற்றுப்பெயர்) வைக்கும். அங்கே ரா துண்டில் டேபிளின் நிஜப் பெயரை எழுதினால் அது வெளி டேபிளைத்தான் குறிக்கும். எழுதியவர் நினைத்தது உள் டேபிளை.

பைத்தானின் இன்னொரு ஓஆர்எம்மான எஸ்க்யூஎல்ஆல்கெமியில் வேறு விதம். வெளியே உள்ள டேபிள் உள்ளேயும் இருந்தால், தானாகவே அதை உள் குவெரியின் ஃப்ரம் (FROM) பகுதியிலிருந்து நீக்கி வெளியோடு இணைத்துவிடும். உள்ளே வேறு டேபிளே மிஞ்சாவிட்டால் எரர் தரும், அது நல்லது. இரண்டு டேபிள் இருந்து ஒன்று மட்டும் போனால்தான் சத்தமில்லாமல் அர்த்தம் மாறிவிடும். உள் டேபிளுக்கு அலையஸ்டு மூலம் வேறு பெயர் கொடுத்துப் பிரித்துவிடுங்கள், எதை இணைக்க வேண்டும் என்பதை கோரிலேட் மெத்தட் வைத்து நீங்களே சொல்லுங்கள்.

எந்த ஓஆர்எம் ஆனாலும், உருவான எஸ்க்யூஎல்லை ஒரு தடவை அச்சிட்டு சப்குவெரியின் நிபந்தனைப் பகுதியை (WHERE) மட்டுமாவது படியுங்கள். சமக்குறியின் இரண்டு பக்கமும் ஒரே ஏலியஸ் நின்றால் அங்கேயே நிறுத்திப் பாருங்கள். டெஸ்ட் டேட்டாவில் ஆர்டரே இல்லாத ஒரு கஸ்டமர் கட்டாயம் இருக்கட்டும். ஆர்டர் ஐடியை 1001-இல் தொடங்கினால், மேலே சொன்ன எஃப் தவறு முதல் ஓட்டத்திலேயே மாட்டிக்கொள்ளும்.