திருச்சிப் புள்ளி ஆர்க்டிக்கில் விழுந்த கதை: வரைபடக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரைபடத்தில் கதை சொல்லிப் பழக நான் முதலில் எடுத்துக்கொண்டது 1930-இல் நடந்த வேதாரண்யம் உப்பு யாத்திரை. ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து கிளம்பி, 28 அன்று வேதாரண்யம் சேர்ந்து, 30-ஆம் தேதி உப்பு அள்ளினார்கள். தொடக்கம், வழி, முடிவு எல்லாம் கைவசம் இருக்கிறதே, ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சொந்த வரைபடம் செய்ய உதவும் கூகுள் மை மேப்ஸில், ஊர்களின் இருப்பிட எண்கள் கொண்ட அட்டவணையை ஏற்றியதும் திருச்சியைக் காணோம். தேடினால் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் கிடக்கிறது! அட்சரேகை 10.79, தீர்க்கரேகை 78.70 என்பதை நான்தான் மாற்றிப் போட்டிருந்தேன். இதில் எல்லோரும் ஒருமுறையாவது வழுக்கி விழுகிறோம். இணையப் பக்கத்தில் வரைபடம் போட உதவும் லீஃப்லெட் நிரலில் அட்சரேகை முதலில் வர வேண்டும். இடத் தரவுகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் (GeoJSON) கோப்பில் தீர்க்கரேகை முதலில். அப்புறம், பாகை-கலைக் கணக்கையும் கவனியுங்கள்; ஒரு பாகைக்கு 60 கலை. வேதாரண்யம் 10 பாகை 22 கலை என்றால் தசமத்தில் 10.37. அதை 10.22 என்று அடித்தால் கோடியக்கரையையும் தாண்டிக் கடலுக்குள் போய்விடும். எந்தக் கருவியும் இதைத் தவறு என்று சொல்லாது.

இவையெல்லாம் கண்ணில் படுகிற தவறுகள். படாத ஒன்று, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே போடும் நேர்கோடு. திருச்சிக்கும் வேதாரண்யத்துக்கும் நேராகக் கோடு இழுத்தால் ஏறக்குறைய 135 கிலோமீட்டர்தான். தொண்டர்கள் நடந்ததோ சுமார் 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர். மிச்சம் நூறு எங்கே போயிற்று? தஞ்சாவூர், கும்பகோணம் என்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கதையே அந்தச் சுற்றில்தான் இருக்கிறது. தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

சரி, அந்த மரத்துக்கு எங்கே புள்ளி வைப்பது? நான் கும்பகோணத்துக்கு வெளியே குத்துமதிப்பாக ஒன்றை வைத்தேன். பார்ப்பவர் அந்த இடத்தில்தான் நடந்தது என்று நம்பிவிடுவார், அது பொய். இடம் துல்லியமாகத் தெரியாத சம்பவத்துக்குப் பாதையின் ஒரு நீளத்தை வேறு நிறத்தில் காட்டினால் போதும்.

புள்ளிகளுக்கு அடியில் பின்னணியாகத் தெரியும் அடிவரைபடமும் ஏமாற்றும். இன்றைய வரைபடத்தில் வேதாரண்யம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டம் பிரிந்ததே 1991-இல்தான். 1930-இல் எல்லாம் ஒரே தஞ்சாவூர் மாவட்டம். இன்றைய எல்லைக்கோடு தெரிந்தால், தார்னுக்கு வேதாரண்யத்தில் என்ன வேலை என்று படிப்பவர் குழம்புவார். எல்லைகளும் நெடுஞ்சாலைகளும் இல்லாத வெளிறிய அடிவரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

புள்ளிகளை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். நான் 25 வைத்து, 9-ஆகக் குறைத்தேன்.

கணினியில் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கைபேசியில் வரைபடத்தின் பாதியைப் படமும் எழுத்தும் மூடிவிடும். பகிரும் முன் கணக்கிலிருந்து வெளியேறி இணைப்பைத் திறந்து பாருங்கள். புதிதாகச் செய்த வரைபடம் உங்களுக்கு மட்டுமே தெரியும்படி இருக்கலாம். நான் பெருமையாக அனுப்பிய முதல் இணைப்புக்கு மாமாவிடமிருந்து வந்த பதில்: “அனுமதி கேக்குதேப்பா, யார்கிட்ட வாங்கணும்?”