ஜேட் பதக்கத்துக்கு மெருகு: வேலை முழுக்க 220-லேயே இருக்கிறது

செதுக்கி முடித்து, கயிறு கோக்க ஓட்டையும் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். ஜேட் என்ற பெயரில் இரண்டு வகைக் கற்கள் உண்டு; நான் சொல்வது நெஃப்ரைட் வகைக்கு.

முதலில் முகமூடி. நெஃப்ரைட் நுண்ணிய இழைகள் பின்னிக்கிடக்கும் கல், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அதனால் தேய்ப்பதெல்லாம் தண்ணீரில்தான். மேசையில் வழியும் சேற்றைக் காயும் முன்பே துடைத்துவிடுங்கள்.

ஹார்டுவேர் கடையில் ‘வாட்டர் பேப்பர்’ என்று கேளுங்கள். கறுப்பாக இருக்கும், சிலிக்கான் கார்பைடு. மரத்துக்குத் தேய்க்கும் சாதா உப்புத்தாள் தண்ணீர் பட்டால் பிய்ந்துபோகும். 220, 400, 600, 800, 1200 நம்பர் தாள்கள் வாங்கினால் போதும்; நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். (நியூசிலாந்து மாவோரிகள் மணற்கல்லும் தண்ணீரும் வைத்தே இந்தக் கல்லைத் தேய்த்தார்கள். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7, நெஃப்ரைட் 6 முதல் 6.5 வரை. அந்தச் சின்ன வித்தியாசமே போதுமாக இருந்தது, பொறுமைதான் நிறைய வேண்டியிருந்தது.)

இப்போது 220. செதுக்கிய டைமண்ட் பிட்டின் கீறல் எல்லாம் இங்கேயே போய்விட வேண்டும். ஈரமாக இருக்கும்போது கல் பளபளவென்று ஏமாற்றும். துடைத்து, நன்றாக உலரவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மார்க்கரால் முழுக்கப் பூசிவிட்டுத் தேய்ப்பது இன்னும் நல்லது: மை தங்கும் இடத்தில் பள்ளம் இருக்கிறது. ஒரு கீறல் மிச்சமிருந்தாலும் 400-க்குப் போகாதீர்கள், 1200-க்குப் பிறகு அதுதான் முதலில் கண்ணில் படும். நம்பர் மாறும்போது தேய்க்கும் திசையையும் மாற்றுங்கள். பழைய கோடுகள் குறுக்கே தனியாகத் தெரியும். கல்லையும் கையையும் கழுவிவிட்டே அடுத்த தாளைத் தொடுங்கள்.

600 தாண்டியதும் சிலருக்கு மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிபுள்ளியாகும். இழைகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்வதில்லை, மெத்தென்ற ஸ்பாஞ்சில் தாளைச் சுற்றினால் மென்மையான பகுதி குழிந்துவிடும். ரப்பர் துண்டோ மரக்கட்டையோ வைத்து 600-இலிருந்து மறுபடி வாருங்கள். மெருகு மேலே ஏற்றி அதை மறைக்க முடியாது.

கடைசியில் தோல்துண்டில் குரோமியம் ஆக்சைடு என்ற பச்சை மெருகுத் தூள், லேசான ஈரத்தோடு, அழுத்தித் தேய்க்க வேண்டும். கண்ணாடிப் பளபளப்பு எனக்குப் பிடிக்காது; 1200-இல் நிறுத்தி, தேன்மெழுகு தடவித் துடைத்துவிடுவேன்.

பிற்சேர்க்கை: செதுக்கிய பள்ளங்களுக்குள் விரல் போகவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். மூங்கில் குச்சியைச் சீவி, நுனியில் டைமண்ட் பேஸ்ட் (வைரத்தூள் கலந்த பசை) தொட்டுத் தேய்க்கலாம். பேஸ்டின் ஒவ்வொரு நம்பருக்கும் தனிக் குச்சி, தனி டப்பா.