பூட்டும் நூலும் போதும்: வணிகவியல் மாணவர்களுக்கு ஊசல் வகுப்பு

பி.காம். வகுப்பில் சமன்பாட்டோடு தொடங்கினால் முதல் வரிசை மட்டும் நம்மோடு இருக்கும். இரண்டு பருவங்கள் அப்படித் தொடங்கிப் பார்த்தவன் நான். இப்போது பூட்டும் நூலும் எடுத்துக்கொண்டு போகிறேன். அவற்றால் ஓர் ஊசல் செய்து, புவியீர்ப்பு முடுக்கத்தை (விழும் பொருளின் வேகம் வினாடிக்கு எவ்வளவு கூடுகிறது என்பதை) மாணவர்களையே அளக்க வைக்கிறேன்.

1. பூட்டைத் தையல் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். சணல் வேண்டாம், முறுக்கு அவிழ்ந்து பூட்டு சுழலும். தொங்கும் புள்ளியிலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை 1 மீட்டர் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

2. ஆட்டுவதற்கு முன் கேளுங்கள்: "எடையை இரட்டித்தால் வேகமாக ஆடுமா?" கை தூக்கட்டும், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடட்டும், மறுபடி தூக்கட்டும். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இது. விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அடக்கிக்கொள்ளுங்கள்.

3. சற்றே விலக்கி விட்டு, 20 அலைவுகளுக்கான நேரத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒருமுறை போய்த் திரும்புவது ஓர் அலைவு. கைபேசியின் நிறுத்துக்கடிகாரமே போதும். உணரிகளைப் பயன்படுத்தும் செயலிகள் எனக்கு முதல் வகுப்பில் பிடிக்காது. எண் வருகிறது, எப்படி வந்தது என்று தெரிவதில்லை.

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். எல்லாக் குழுவுக்கும் புவியீர்ப்பு முடுக்கம் 10.8 மீ/வி² என்று வந்தது; வர வேண்டியது ஏறத்தாழ 9.8. நூலை மாற்றினேன், அளவுகோலைச் சந்தேகித்தேன். கடைசியில் ஒரு மாணவி எண்ணுவதைக் காது கொடுத்துக் கேட்டேன்: கடிகாரத்தை அழுத்தும்போதே "ஒன்று" என்றாள். அவள் "இருபது" என்றபோது முடிந்தவை 19 அலைவுகள்தான்! ஐந்து விரல்களுக்கு நடுவே எத்தனை இடைவெளி என்று கேட்டேன். வட்டிக்கு நாள் கணக்கிட்டுப் பழகிய வகுப்பு உடனே சிரித்துவிட்டது. அழுத்தும்போது "பூச்சியம்" என்று உரக்கச் சொல்ல வையுங்கள்.

4. சரியாக எண்ணினால் ஏறத்தாழ 40.2 வினாடி வரும். 20ஆல் வகுத்தால் ஓர் அலைவின் நேரம் 2.01 வினாடி. நீளம் 1 மீட்டர் என்பதால், 39.48ஐ (அதாவது 4π²) அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.77. இரண்டாவது பூட்டைச் சேர்த்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள்; நேரம் மாறாது, இரண்டாம் படியின் கேள்விக்கு விடை அதுவே. சமன்பாட்டை, g = 4π²L/T² (g முடுக்கம், L நீளம், T அலைவு நேரம்), இப்போது எழுதுங்கள். யாரும் ஜன்னலைப் பார்க்க மாட்டார்கள்.

பின்சேர்க்கை: இதைச் செய்துபார்த்த ஓர் ஆசிரியர், இரண்டாவது பூட்டை மாட்டியதும் நேரம் கூடிவிட்டது என்று எழுதினார். முதல் பூட்டின் அடியில் தொங்கவிட்டிருக்கிறார். எடையின் மையம் 3 சென்டிமீட்டர் இறங்கினாலே 20 அலைவுகளுக்கு 0.6 வினாடி கூடும். இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டி, நீளத்தை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.