பழைய பைக்குக்கு ஸ்பார்க் பிளக்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைசூரில் யெஸ்டி தயாரிப்பு 1996-இல் நின்றது. ராஜ்தூத் 350 அதற்கும் முன்பே போய்விட்டது. இந்த வண்டிகளுக்கு எந்த சாமான் தேடினாலும் நாலு ஊர் அலைய வேண்டும். பிளக் மட்டும் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். தப்பு நடப்பதும் அதனால்தான். "யெஸ்டிக்கா? இந்தாங்க சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரு டப்பாவை நீட்டுவார்கள். மரை பிடிக்கும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். அப்புறம் யார் எண்ணைப் பார்க்கிறார்கள்?

நானும் ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டேன். என் யெஸ்டியில் என்ஜிகே கம்பெனியின் பி7எச்எஸ் பிளக் ஓடிக்கொண்டிருந்தது. கோடையில் நெடுஞ்சாலைப் பயணம் இருந்ததால், சூட்டைத் தாங்க ஒரு படி கோல்டு பிளக் (முனையின் சூட்டைச் சீக்கிரம் எஞ்சின் ஹெட்டுக்குக் கடத்திவிடுவது; மெதுவாகக் கடத்துவது ஹாட் பிளக்) போடலாம் என்று தோன்றியது. எண் கூடினால் கோல்டு என்று தெரியும். அதனால் 8 என்று கேட்டேன். கடையில் என்ஜிகே இல்லை, பாஷ் கம்பெனியின் 8 இருந்தது. வாங்கி மாட்டினேன். திண்டிவனம் தாண்டியதும் எஞ்சின் தட்ட ஆரம்பித்தது, இழுவை குறைந்தது, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டன் ஓரம் உருகியிருந்தது.

காரணம் இதுதான். என்ஜிகேயில் எண் கூடக்கூட பிளக் கோல்டு. பாஷில் எண் கூடக்கூட ஹாட். கோல்டு பிளக் தேடிப்போன நான் வாங்கியது, போட்டிருந்ததைவிட நல்ல ஹாட் பிளக். பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியைத் தாண்டினால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி முன்கூட்டியே பற்றினால் பிஸ்டன் தாங்காது.

நம் ஊரில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோதான் இங்கே பாஷ் பிளக்குகளுக்குப் பழகிய பெயர். 2008-இல்தான் அந்தக் கம்பெனியின் பெயர் பாஷ் லிமிடெட் ஆனது. பழைய மேனுவல்களில் டபிள்யூ175, டபிள்யூ225 என்று இருக்கும். அந்தக் கணக்கில் பெரிய எண்தான் கோல்டு. பின்னால் வந்த கணக்கில் 175 என்பது 7 ஆனது, 225 என்பது 5 ஆனது. அதாவது சிறிய எண் கோல்டு. ஒரே கம்பெனிக்குள்ளேயே திசை மாறியிருக்கிறது. சாம்பியன் கம்பெனி பிளக்கிலும் எண் கூடினால் ஹாட்: எல்82-ஐவிட எல்86 ஹாட். ஆகவே கம்பெனி மாறும்போது எண்ணை வைத்து ஊகிக்காதீர்கள். பிளக் கம்பெனியே வெளியிடும் மாற்று அட்டவணையைப் பார்த்த பிறகுதான் காசைக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது மரையின் நீளம். என்ஜிகேயில் எச் என்றால் 12.7 மில்லிமீட்டர், இ என்றால் 19. பி7எச்எஸ், பி7இஎஸ் இரண்டும் 14 மில்லிமீட்டர் மரைதான், இரண்டும் ஒரே சூட்டு எண்தான். கடையின் மங்கலான வெளிச்சத்தில் டப்பாவில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். சின்ன மரை ஹெட்டில் நீளமானதைப் போட்டால் சில எஞ்சின்களில் பிஸ்டன் வந்து இடிக்கும். இடிக்காவிட்டாலும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கரி ஏறி, கழற்றும்போது ஹெட்டின் மரையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். பழைய பிளக்கைப் பையில் எடுத்துப் போய், புதியதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டியைப் பழைய சொந்தக்காரரிடம் வாங்கியிருந்தால் அதுவும் போதாது. அவர் போட்டதே தப்பாக இருக்கலாம், ஹெட்டின் மரை ஆழத்தையும் அளந்துவிடுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டிகள் சிலவற்றில் 18 மில்லிமீட்டர் மரை இருக்கும். அதற்கு 14-ஐப் பொருத்த புஷ் (துளையைச் சிறிதாக்கும் வளையம்) போடுகிறேன் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். 18-இலேயே பிளக் உண்டு.

எண்ணில் ஆர் என்ற எழுத்து இருந்தால் அது ரெசிஸ்டர் பிளக், அதாவது உள்ளே மின்தடை வைத்தது. புது வண்டிகளின் எலக்ட்ரானிக்ஸுக்கு அது வேண்டும். பிஎஸ்ஏ எம்20 போன்ற மேக்னட்டோ வண்டியில் (பேட்டரி இல்லாமல் எஞ்சின் சுற்றிலேயே ஸ்பார்க்குக்கு மின்சாரம் எடுப்பது) கிக் அடிக்கும் வேகத்தில் வரும் ஸ்பார்க்கே மெல்லியது. பிளக் கேப்பிலும் ரெசிஸ்டர், பிளக்கிலும் ரெசிஸ்டர் என்று இரண்டு சேர்ந்தால் கால்தான் வலிக்கும். மேக்னட்டோவுக்குப் பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் போதும்; டப்பாவிலிருந்து வந்தபடியே மாட்டாமல் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். இரிடியம் பிளக் வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஸ்பார்க்கைக் கிளப்பும் பாயிண்டும் கண்டென்சரும் சரியாக இருக்கும் பழைய வண்டிக்குச் சாதாரண பிளக் போதும் என்பது என் முடிவு.

முனை வெள்ளையாக இருக்கிறது, சூடு அதிகம் என்று உடனே கோல்டு பிளக் தேடுவதும் தவறு. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்று குறைவாகத்தான் வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் கலவை லீன் ஆகி, அதாவது பெட்ரோல் குறைந்து, எஞ்சின் சூடேறும். அங்கே பார்க்க வேண்டியது கார்புரேட்டரை. பிளக் மாற்றினால் அடையாளம்தான் மறையும்.

உப்புத்தாளாலும் கம்பி பிரஷ்ஷாலும் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். கம்பியின் உலோகம் வெள்ளைப் பீங்கானில் கோடாகப் படிந்து, ஸ்பார்க் அந்த வழியே ஓடிவிடும்.

சென்னை ஜி.பி. ரோடு மாதிரிப் பெரிய ஸ்பேர்ஸ் மார்க்கெட்டில் பல வருடம் விற்காமல் கிடந்த பழைய ஸ்டாக் பிளக் அகப்படும். பீங்கானில் கீறல் இல்லாமல், மரையில் துரு இல்லாமல் இருந்தால் தாராளமாக வாங்கலாம், நானும் வாங்குகிறேன். பயப்பட வேண்டியது போலிக்குத்தான். நடு முனை ஒருபக்கம் சாய்ந்திருக்கும், எழுத்து நகத்தால் சுரண்டினால் வரும், வாஷர் மரையிலிருந்து லேசாகக் கழன்று வந்துவிடும். மற்ற கடைகளைவிடப் பாதி விலை என்றால் அப்போதே சந்தேகப்படுங்கள். தலையில் உள்ள நட்டையும் பாருங்கள்: சில பழைய கேப்புகளுக்கு நட்டைக் கழற்றிவிட்டு மரையோடு மாட்ட வேண்டியிருக்கும், சிலவற்றுக்கு நட் இருந்தே ஆக வேண்டும்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். வாஷர் உட்காரும் வரை விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு வரவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது, ஸ்பானரைத் தொடாதீர்கள். வாஷர் உட்கார்ந்த பிறகு, 14 மில்லிமீட்டர் புது பிளக்குக்கு ஸ்பானரில் அரைச் சுற்று போதும். பழைய பிளக்கையே திரும்பப் போடுவதானால் கடிகார முள் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குப் போகிற அளவுதான்.