பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வாங்கும் முன்: பார்வையை அடியிலிருந்து தொடங்குங்கள்

புது பெயின்ட், ஒரே சாவித் திருப்பலில் ஸ்டார்ட். விற்பவர் காட்டுவது இந்த இரண்டையும்தான். ஹெரால்டில் இவை இரண்டும் செலவு செய்தால் வந்துவிடும் விஷயங்கள். விலை பேசும் முன் பார்க்க வேண்டியவை சேசிஸ், முன் சக்கரம் திரும்பும் மூட்டான ட்ரனியன், ஆர்.சி. புத்தகம்.

1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்த வண்டி இது. 1961 முதல் உரிமம் பெற்றுச் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தயாரித்தது. அங்கே இன்ஜின் 1147, 1296 சி.சி. என்று வளர்ந்தது, இங்கே கடைசிவரை 948 சி.சி.தான். நான்கு கதவு கொண்ட மார்க் 3 மாடல் இந்தியாவில் மட்டுமே வந்தது. 1972-ல் வந்த கஸெல் மாடலில் பின்பக்க ஆக்ஸில் வேறு என்பதால், கீழே பின் சக்கரம் பற்றிச் சொல்வது அதற்குப் பொருந்தாது.

கையில் ஒரு காந்தமும் டார்ச்சும் இருக்கட்டும். தனி சேசிஸ் மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கிய வண்டி என்பதால், கதவுக்குக் கீழே உள்ள சில் தகடு எடை தாங்குவதில்லை, துருப்பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம். எடை தாங்குவது நடுவில் ஓடும் இரண்டு பிரதான ரெயில்களும், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர்களும். பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள கியர் உருண்டையான டிஃபரன்ஷியலை ஒட்டிய இடத்தை விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே தகடு கரைந்திருக்கிறது. காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருப்பார்கள். கதவு இடைவெளி மேலே ஓர் அளவு, கீழே வேறு அளவு என்றிருந்தால் அவுட்ரிகர் தொங்கியிருக்கலாம், இல்லை இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் தகடுகளைச் சரியாகப் போடாமல் பாடியை இறக்கியிருக்கலாம். பானெட் முன்பக்கமாக மொத்தமாகத் திறக்கும். திறந்ததும் கீல் குழாய்கள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்னால் மோதிய வண்டியை அவை காட்டிக்கொடுத்துவிடும். பேட்டரி உட்காரும் தட்டில் ஆசிட் வடிந்து ஓட்டை விழுவது வழக்கம்.

அடுத்தது ட்ரனியன். முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து லிங்க்கின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் சக்கரம் சுழல்கிறது. இதற்கு ஈ.பி. 90 கியர் ஆயில்தான் போட வேண்டும், கிரீஸ் கூடாது. நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன் எடுப்பது மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, நாளானால் இறுகிவிடும். உள்ளே தண்ணீர் நின்று மரை துருப்பிடிக்கும். ஒருநாள் வண்டியை மெதுவாகத் திருப்பும்போது லிங்க் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எனவே ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்புங்கள். எங்காவது பிடித்தால் ட்ரனியனோடு லிங்க்கையும் சேர்த்து விலையில் கழியுங்கள். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. ஒரு பக்கத்து லிங்க்கை மறுபக்கம் போட முடியாது.

பின்னால் இருப்பது ஸ்விங் ஆக்ஸில், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தன் அச்சோடு தனியாக மேலும் கீழும் ஆடும். குறுக்கே ஒரே லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்). பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இறக்கியதும் பின் சக்கரங்கள் அடிப்பக்கம் உள்ளே மடங்கியே நிற்கும். அது கோளாறு இல்லை. வண்டியைச் சில அடி உருட்டிவிட்டுப் பாருங்கள். அப்போது சக்கரத்தின் மேல்பகுதி அதிகமாக உட்புறம் சாய்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஓட்டிப் பார்க்கும்போது வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடாதீர்கள், பின்பக்கம் வெளியே வீசும்.

இன்ஜினுக்கு ஒரே ஒரு சோதனை, ஆனால் தவறவிடக்கூடாதது. பானெட்டைத் திறந்து வைத்து, இன்னொருவரைக் கிளட்சை மிதித்து விடச் சொல்லுங்கள். முன் புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்பின் நகர்ந்தால் கிராங்க்கை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் வாஷர் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழும், கிராங்க் பிளாக்கையே அரைக்கும். நேரத்தில் கண்டுபிடித்தால் சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்தே மாற்றிவிடலாம். முதல் கியருக்குச் சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. ஓடும்போது போட்டால் கரகரக்கும், அதைக் குறை சொல்ல வேண்டாம். மற்ற கியர்கள் ஆக்சிலேட்டரை விட்டதும் தானாக நழுவினால்தான் கியர் பெட்டியைப் பிரிக்க வேண்டும். பெட்டி காருக்குள்ளிருந்தே வெளியே வரும், நல்ல வசதி.

உதிரி பாகங்களில் ட்ரனியன், வாஷர் போன்றவை இங்கிலாந்தில் இன்னும் புதிதாகவே கிடைக்கின்றன. மார்க் 3-இன் பின் கதவு அங்கே கிடைக்காது. சென்னையின் பழைய உதிரி பாகச் சந்தையான புதுப்பேட்டையில் தேட வேண்டியதுதான். அதனால் நான்கு கதவு வண்டியில் கதவு நெளிந்திருந்தால் தயங்குங்கள். டயர் கவலையில்லை, 145/80 ஆர்13 பொருந்தும்.

கடைசியாக ஆர்.சி.: அதிலுள்ள இன்ஜின், சேசிஸ் எண்களை வண்டியில் உள்ளவற்றோடு நேரில் ஒத்துப் பாருங்கள். பழைய பதிவு அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறாவிட்டால் அந்த வேலையை விற்பவரே முடித்துத் தரட்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் அவர் கையெழுத்து வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்றும். 50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டியை வின்டேஜாகப் பதியலாம்: கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. ஆனால் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் அதை வெளியே எடுக்க முடியும். தினமும் ஓட்ட நினைத்தால் பழைய பதிவையே புதுப்பித்து வைத்திருங்கள்.