ஆற்றங்கரை ஊரின் வரலாற்றை எழுதுவது எப்படி: திருக்கோவிலூரை முன்வைத்து

சொந்த ஊரின் வரலாற்றை எழுத முனைவோர் பலரும் தலபுராணத்தில் தொடங்கிக் குடமுழுக்குப் பட்டியலில் முடித்துவிடுகிறார்கள். ஆற்றங்கரை ஊருக்கு அது போதாது. முதலில் இரு கரைகளையும் நடந்து பார்த்து, படித்துறை, அணைக்கட்டு, வாய்க்கால் தலைப்பு, பாலம், சுடுகாடு ஆகியவற்றைக் கையால் வரைந்த படமொன்றில் குறித்துக்கொள்ளுங்கள். திருக்கோவிலூரில் இப்படி நடந்தால், தென்பெண்ணையின் தென்கரையில் ஊரும், எதிர்க்கரையில் அரகண்டநல்லூரும், ஆற்றுக்குள்ளேயே பாறைமேல் சிறு கோயிலோடு நிற்கும் கபிலர் குன்றும் ஒரே பார்வையில் பிடிபடும்.

அடுத்து ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். அரகண்டநல்லூர் என்ற பெயருக்கு இன்று எந்தக் கதையையும் கட்டிவிடலாம். தேவாரத்திலோ அது அறையணிநல்லூர். அறை என்றால் பாறை. அங்குள்ள கோயில் பாறைமேல்தான் நிற்கிறது. பழைய வடிவத்தைத் தேடிப் பிடிக்காமல் பெயருக்குப் பொருள் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கல்வெட்டுகளைக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படியுங்கள். உச்சிவெயிலில் எழுத்தின் பள்ளம் தெரியாது. நிழலான இடமாயின் கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து எழுந்து நிற்கும். சுண்ணாம்போ எண்ணெயோ பூச வேண்டாம். மைப்படி எடுப்பது, அதாவது ஈரத்தாளை எழுத்தின்மேல் ஒற்றி மைதடவிப் படியெடுப்பது, உரிய துறையின் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலான கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடும் இராது என்பதை நினைவில் வையுங்கள். ‘திருமகள் போல’ என்று மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழுரை) தொடங்கினால் அது முதலாம் இராசராசன் காலம். அவன் 985இல் பட்டமேறியதால், ‘யாண்டு பத்தாவது’ என்றிருந்தால் 994-95 என்று கணக்கிடலாம்.

ஆதாரங்கள் முரண்படும் இடத்தில்தான் எழுதுபவரின் நேர்மை தெரியும். திருக்கோவிலூரின் கீழையூர்ப் பகுதியிலுள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள இராசராசன் காலக் கல்வெட்டு, சங்கப் புலவர் கபிலர், வள்ளல் பாரியின் மகளை இப்பகுதியை ஆண்ட மலையர்க்கு அளித்துவிட்டுத் தீப்புகுந்ததாகச் சொல்லி, அந்த இடத்தைக் ‘கனல்புகும் கபிலக் கல்’ என்கிறது. புறநானூற்று 236ஆம் பாட்டின் கொளுவோ (பாட்டோடு வரும் பழைய குறிப்பு), பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் சேர்த்துவிட்டு அவர் வடக்கிருந்ததாக, அதாவது உண்ணாநோன்பிருந்து உயிர்விட முனைந்ததாக, கூறுகிறது. இரண்டையும் கலந்து ஒரே கதையாக்கிவிடும் ஆசை எவருக்கும் வரும். அதை அடக்கி, எது எங்கே சொல்லப்படுகிறது என்று இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். கல்வெட்டு, கபிலருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கல்லும் பாட்டும் ஒன்றையொன்று தாங்குவதும் உண்டு. தகடூர் மன்னன் அதியமான், கோவலூரை (திருக்கோவிலூரின் பழைய பெயர்) அழித்ததை ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டு, ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்கிறது. அதியன் நெடுமான் அஞ்சி என்பது அதியமானின் பெயர், ஸதியபுதோ அவன் குலப்பட்டம், பாளி என்பது துறவியர் உறைவிடம். படையெடுப்புக்கு இது நேரடிச் சான்றாகாது. ஆனால் அவன் கை இந்தப் பகுதிவரை நீண்டதற்கு உறுதியான சான்று.

முதியவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். பெரும்பாலும் தவறாகவே வரும். ‘சாத்தனூர் அணை கட்டுவதற்கு முன்னரா, பின்னரா?’ என்று கேளுங்கள். அணை 1958இல் முடிந்தது என்பதால் விடை தானாகவே காலத்தில் பொருந்திவிடும். வெள்ளத்தைப் பற்றிக் கேட்கும்போது, தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று வீட்டுச் சுவரில் கைவைத்துக் காட்டச் சொல்லி, தரையிலிருந்து அளந்து கொள்ளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டபோது நீர் எட்டிய உயரத்தை, நினைவு மங்குமுன் இப்போதே குறித்துவைப்பது நல்லது.

எஞ்சியது ஆவண வேலை. ஆறு இங்கே மாவட்ட எல்லையும்கூட: திருக்கோவிலூர் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது, அரகண்டநல்லூர் விழுப்புரத்தில். 1993க்கு முன் இரண்டும் தென்னார்க்காட்டுக்குள் இருந்தன. அதன் தலைமையிடம் கடலூர். ஆகவே எந்தக் காலத்துப் பதிவேடு வேண்டுமென்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற ஊருக்குப் பேருந்து ஏறுங்கள்.