எலும்பு ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலா? முதல் மூன்று நாளுக்கான செய்முறை

புற்றுநோய் சிகிச்சையின் நடுவே "எலும்புக்கு ஒரு டிரிப் ஏற்றணும்" என்று சொல்லியிருக்கிறார்களா? பெரும்பாலும் அது ஸோலெட்ரோனிக் ஆசிட். ஸோமெட்டா என்ற பெயரிலோ வேறு நிறுவனத்தின் பெயரிலோ வரும். 4 மி.கி. மருந்தை 100 மி.லி. உப்புநீரில் கலந்து, 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்றுவார்கள். ஏற்றும்போது ஒன்றும் தெரியாது. அன்றிரவு சாப்பிட்டுத் தூங்கியும் விடலாம். சிலருக்கு மறுநாள்தான் குளிர் எடுக்கும், இடுப்பும் தொடையும் அடித்துப்போட்ட மாதிரி வலிக்கும், காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டும்.

இந்த மருந்து இரத்தத்திலுள்ள சில வெள்ளையணுக்களுக்குள் புகுந்து ஒரு நொதியைத் தடுக்கிறது. அதனால் அங்கே தேங்கும் வேதிப்பொருளைப் பார்த்து, காமா-டெல்டா டி அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் கிருமி நுழைந்துவிட்டதாக எண்ணிக் கிளம்புகின்றன. அவை வெளியிடும் சைட்டோகைன்கள் என்ற எச்சரிக்கைப் பொருட்கள்தான் காய்ச்சலையும் வலியையும் தருகின்றன. கிருமி இல்லாததால் ஆன்டிபயாட்டிக்குக்கு இங்கே வேலை இல்லை. பெரும்பாலும் மூன்று நாளில் தானாக அடங்கும்; சிலருக்கு ஒரு வாரம் இழுக்கும்.

அடுத்த முறையும் இதே பாடுதானா என்றால், பெரும்பாலோருக்கு இல்லை. எலும்புத் தேய்மானத்துக்காக ஆண்டுக்கு ஒருமுறை 5 மி.கி. ஏற்றிக்கொண்ட பெண்களிடம் நடந்து 2007இல் வெளிவந்த ஹொரைசன் ஆய்வில், முதல் டிரிப்புக்குப் பிறகு 31.6 விழுக்காட்டினருக்கு இந்த அறிகுறிகள் வந்தன. இரண்டாவதில் 6.6, மூன்றாவதில் 2.8. அவர்கள் புற்றுநோயாளிகள் அல்லர், அளவும் வேறு. ஆனாலும் முதல் தடவைதான் கடுமை என்பது இங்கும் பொருந்தும்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டால் சனி, ஞாயிறு படுத்து எழுந்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். கீமோ இல்லாமல் ஹார்மோன் மாத்திரை மட்டும் எடுப்பவருக்கு அது சரி. கீமோவும் ஓடுகிறது என்றால் செவ்வாய் அல்லது புதனைக் கேளுங்கள். காய்ச்சல் வரும் நாளில் உங்கள் புற்றுநோய்ப் பிரிவின் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்க வேண்டும். ஞாயிறு இரவு என்றால் அவசர சிகிச்சைப் பிரிவு வரிசை ஒன்றுதான் கதி. வேலைக்குப் போகிறவர்கள் டிரிப் போடும் அன்றே மறுநாளுக்கும் சேர்த்து எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டுவிடுங்கள். காய்ச்சலோடு கிளினிக்கில் போய் உட்கார வேண்டியதில்லை.

படி 2: போவதற்கு முன்

பல் பிடுங்க வேண்டியிருந்தால் முதல் டிரிப்புக்கு முன்பே முடித்து, புண் ஆறியிருக்க வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையை ஒவ்வொரு முறையும் பார்ப்பார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் 4 மி.கி.யைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்திவைப்பார்கள்.

டிரிப்புக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் இரண்டு பெரிய கிளாஸ், அதாவது ஏறக்குறைய 500 மி.லி. தண்ணீர் குடியுங்கள். இதய நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தைப்பூச விரதமோ வெள்ளிக்கிழமை விரதமோ, தண்ணீர் குடிக்காமல் இருக்கும் எந்த விரதமும் அன்று வேண்டாம். மருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாகத்தான்.

படி 3: முதலில் தெர்மாமீட்டர், பிறகுதான் பனடோல்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வையுங்கள். உடம்பு சுடுகிறது, "எலும்பு ஊசிக் காய்ச்சல்தானே, சொன்னாங்களே" என்று இரண்டு பனடோல் (பாரசிட்டமால் மாத்திரை) போட்டுப் படுத்துவிடுவதுதான் பலரும் செய்வது. கீமோவில் இருப்பவருக்கு அது ஆபத்து. பல கீமோ மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணு மிகவும் இறங்கும். அப்போது வரும் தொற்றுக்கு இருமல், சீழ் எதுவும் இல்லாமல் காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கலாம். பனடோல் அந்த ஒரே அடையாளத்தையும் மறைத்துவிடும்.

ஆகவே வரிசை இதுதான்: அளக்க வேண்டும், நேரத்தோடு எழுத வேண்டும், அதன் பிறகே மாத்திரை.

கீமோவில் இருந்து 38 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால், நேற்று எந்த ஊசி போட்டிருந்தாலும் சரி, மருத்துவமனை கொடுத்த எண்ணை அழையுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. "கீமோ நோயாளி, காய்ச்சல், கடைசி கீமோ இந்தத் தேதி, ஸோமெட்டா இந்தத் தேதி" என்று முகப்பிலேயே சொல்லுங்கள். இரத்தம் எடுத்துப் பார்த்து வெள்ளையணு சரியாக இருந்தால் நல்லது. காய்ச்சல் ஊசியாலா கிருமியாலா என்று வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது.

கீமோ இல்லாதவருக்கு இவ்வளவு பதற்றம் வேண்டாம். ஆனால் டிரிப் போட்டு நான்காம் நாளுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் காய்ச்சலை ஊசியின் கணக்கில் எழுதாதீர்கள். தொண்டைவலி, இருமல், சிறுநீர் எரிச்சல், மருந்து ஏற்ற உடம்பில் பொருத்திய போர்ட் அல்லது பிக் லைன் குழாய் இருக்கும் இடத்தில் சிவப்பு இருந்தாலும் அப்படியே. டெங்கியும் நம் சிங்கப்பூரில் எப்போதும் உண்டு.

தெர்மாமீட்டரில் என் ஓட்டு நாக்குக்கடியில் வைக்கும் சாதாரண டிஜிட்டலுக்குத்தான். 2003 சார்ஸ் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களே, அந்த வகை. நெற்றியில் காட்டும் துப்பாக்கி வகை, ஏர்கான் அறையிலும் வியர்த்த நெற்றியிலும் குறைத்துக் காட்டும். கோப்பியோ கஞ்சியோ குடித்தால் 15 நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். அக்குளில் வைத்தால் ஏறக்குறைய அரை டிகிரி குறைவாக வரும்.

படி 4: பனடோல் கணக்கு

கீமோ இல்லாதவர்கள், மருத்துவர் சரி என்றால், வலி ஏறும்வரை காத்திராமல் டிரிப் அன்றே தொடங்கி மூன்று நாள் நேரம் தவறாமல் போடலாம். வலி முற்றிய பிறகு போடுவதைவிட இது நன்றாகக் கேட்கும். 500 மி.கி. மாத்திரை ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு, அதாவது 4 கிராமுக்கு மேல் கூடவே கூடாது. ஒல்லியான உடம்புக்காரரும், கல்லீரலில் நோய் உள்ளவரும் இதைவிடக் குறைவாகத்தான் எடுக்க வேண்டும். அளவை மருந்தாளரிடம் கேளுங்கள்.

சிக்கல் வருவது வேறு மாத்திரைகளால். உடல்வலிக்கென்று கிளினிக்கில் அடிக்கடி கொடுக்கும் அனாரெக்ஸில் 450 மி.கி. பாரசிட்டமால் இருக்கிறது. கடையில் வாங்கும் சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் அதேதான். இவற்றைப் பனடோலோடு சேர்த்துப் போட்டால் கல்லீரல் அடிவாங்கும். பாரசிட்டமால் ஒன்று மட்டுமே உள்ள சாதாரண 500 மி.கி. போதும்.

வீட்டில் மிச்சமிருக்கும் பொன்ஸ்டான், நியூரோஃபென், வோல்ட்டாரென் போன்ற வலி மாத்திரைகள் எதையும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஏற்கெனவே ஸோலெட்ரோனிக் ஆசிட்டைச் சுமக்கும் சிறுநீரகத்துக்கு அவை கூடுதல் சுமை. கீமோவால் பிளேட்லெட் குறைந்திருந்தால் இரத்தக்கசிவு வரும், டெங்கியாக இருந்தாலும் அதே ஆபத்துதான்.

படி 5: உடம்பைத் தேற்ற

கஞ்சி, மிளகு குறைத்த ரசம், மோர், எது இறங்குகிறதோ அது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவுக்குக் குடியுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் பொட்டாசியம் கூடியிருப்பதாகச் சொல்லப்பட்டவருக்கு வேண்டாம். குளிர் எடுக்கும்போது போர்த்துங்கள், வியர்க்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான ஒத்தடம் இடுப்புக்கு இதமாக இருக்கும்.

கோடாலித் தைலம் லேசாகத் தடவலாம். ஆனால் அம்மாவோ அத்தையோ அன்போடு வந்து அழுத்தி உருவிவிட இடம் கொடுக்காதீர்கள். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் அந்த இடம் முறியக்கூடும். நிலவேம்புக் கஷாயமும் இப்போது வேண்டாம். கீமோ மருந்துகளோடு அது எப்படி நடந்துகொள்ளும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் இதுவல்ல.

மருத்துவர் கொடுத்த கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளைக் காய்ச்சலைக் காரணம் காட்டி நிறுத்தாதீர்கள். வழக்கமான அளவு 500 மி.கி. கால்சியமும் 400 அலகு வைட்டமின் டியும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரத்தத்தில் கால்சியம் கூடிப்போனதற்காகவே இந்த டிரிப் போட்டவர்கள் மட்டும் தாங்களாகக் கால்சியம் எடுக்கக் கூடாது.

இவை ஊசிக் காய்ச்சல் கணக்கில் சேராது

உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, கை கால் இழுப்பு: கால்சியம் இறங்கியிருக்கலாம், அன்றே அழையுங்கள். கண் சிவந்து வலித்து வெளிச்சம் பட்டால் கூசுகிறதா? கண்ணுக்குள் அழற்சியாக இருக்கலாம், சொட்டுமருந்து வாங்கிப் போட்டுப் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென முதுகில் கடும் வலி, கால் வலுவிழப்பு, மரத்துப்போதல், சிறுநீர் பிரியாமை என்றால் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

பின்சேர்க்கை, வாசகர் கேள்விகளுக்குப் பிறகு

கீமோவோடு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் ஏறாமலே தொற்று இருக்கலாம். தெர்மாமீட்டர் 37.4 காட்டினாலும் உடம்பு உதறி நடுங்கினால் அழையுங்கள்.

ஒரு தடவை பட்டது போதும், தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசிக்கு மாறலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதில் இந்தக் காய்ச்சல் குறைவு. ஆனால் கால்சியம் இறங்குவது அதில் கூடுதல், திடீரென நிறுத்தினால் எலும்பு வேகமாகத் தேய்ந்து முதுகெலும்பு முறிவு வரை போகலாம். இரண்டாவது டிரிப் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, எழுதிவைத்த காய்ச்சல் கணக்கை மருத்துவரிடம் காட்டி முடிவெடுங்கள்.